பிரீமியத்தைக் குறைப்போம், பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். ரோபோ, விண்வெளி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் எழுத நம் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது எங்கள் வீட்டு பீரோவில், ஒரு மஞ்சள் பைக்குள் கிடக்கும் இன்சூரன்ஸ் காகிதங்களைப் பற்றி. இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நம்மில் பலர் வீட்டிலும் இந்தக் காகிதம் இருக்கிறது. அதைப் படிக்கும் வேலை நாளைக்கு நம் தலையில்தான் விழும்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிராமம். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆச்சிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் போய் வர முடியாமல் போனதால், 2021 ஆகஸ்ட்டில் அப்பா கடன் வாங்கி ஒரு பழைய ஆல்ட்டோ கார் எடுத்தார். 2014 மாடல். அப்பா வேலைக்குப் போக ஏற்கெனவே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல் உண்டு.

2023 ஆகஸ்ட்டில் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நோட்டீஸ் வந்தது. மொத்தம் 6,394 ரூபாய். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நான் டிப்ளமா சேர்ந்திருந்தேன். கட்டணம், விடுதி, டிராஃப்டர், யூனிஃபார்ம் என்று வீட்டில் இருந்த பணம் எல்லாம் போயிருந்தது. ஏஜெண்ட் ஒரு வழி சொன்னார்: "அண்ணாச்சி, பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கிடுங்க. போலீஸ் கேட்டா அது போதும்." அப்பா 2,854 ரூபாய் கட்டினார். மிச்சம் 3,540 ரூபாய். அந்தப் பணம் எனக்குத்தான் செலவானது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது காரின் சீட் வரை மூழ்கியது. வீட்டுக்குள் இடுப்பளவு. அம்மாவின் தையல் மெஷின், ஃபிரிட்ஜ், கட்டில், வயரிங் எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு மாமா வந்து, "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கார் பில் 41,500 ரூபாய். வயரிங், சீட், சுத்தம் செய்தது எல்லாம் 23,000. இஞ்சின் வேலை 18,500. தேர்ட் பார்ட்டி பாலிசியில் நம் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. வீட்டுக்கோ இன்சூரன்ஸே இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு தந்த 6,000 ரூபாய் கிடைத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு.

அப்பா அந்த மஞ்சள் பையை என் கையில் கொடுத்து, "எலே, நீதான படிச்ச புள்ள. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருல" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்தேன். ஆங்கில அகராதியோடு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் பாடத்தைத்தான் இங்கே தருகிறேன்.

ஒரு நோட்டீஸில் எத்தனை கணக்கு?

பிரீமியம் என்பது ஒரே தொகை என்று நினைக்கிறோம். அது பல தொகைகளின் கூட்டல். எங்கள் 2023 நோட்டீஸையே எடுத்துக் கொள்வோம்.

1. தேர்ட் பார்ட்டி: 2,094 ரூபாய். நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சாவு, காயம், பொருள் சேதத்துக்கு இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி கட்டாயம்.

2. ஓன் டேமேஜ்: 4,000 ரூபாய். விபத்து, வெள்ளம், தீ, திருட்டு ஆகியவற்றால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு இது. நம் விருப்பம்தான்.

3. நோ கிளைம் போனஸ் கழிவு: ஓன் டேமேஜில் 25 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் தள்ளுபடி. மீதி 3,000.

4. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு: 325 ரூபாய்.

5. இவற்றின் கூட்டல் 5,419. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 975. ஆக 6,394 ரூபாய்.

இந்த ஐந்து வரியும் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றை நாம் தொடவே முடியாது. சிலவற்றைக் கேட்டுக் குறைக்கலாம். சிலவற்றை வெட்டினால் பிறகு நம் கையே வெட்டுப்படும். எது எது என்று தெரிந்து கொள்வதுதான் முழு விஷயமும்.

விலை ஏன் ஏறுகிறது?

தேர்ட் பார்ட்டி கட்டணத்தைக் கம்பெனி தீர்மானிப்பதில்லை. அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை உள்ள காருக்கு 2,094. 1000-க்கு மேல் 1500 வரை 3,416. அதற்கு மேல் 7,897 ரூபாய். இருசக்கர வண்டியில் 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714, 150-க்கு மேல் 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804 ரூபாய்.

இந்தத் தொகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுக் கொத்தனார் ஒருவர் நம் வண்டி மோதி இறந்து விடுகிறார் என்று வையுங்கள். அவரை நம்பி வீட்டில் நான்கு பேர். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி தீர்ப்பாயம் இப்படிக் கணக்கிடும்: ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. 26 முதல் 30 வயது வரைக்கான பெருக்கல் எண் 17. பெருக்கினால் 32,13,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவை இதற்கு மேல்.

714 ரூபாய் கட்டாமல் வண்டி எடுத்தவன் இந்த 32 லட்சத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் இரண்டு குடும்பங்களும் தெருவில் நிற்கும். மனித உயிருக்கு நீதிமன்றங்கள் தரும் மதிப்பு உயர உயர, இந்தக் கட்டணமும் உயரத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவும் சாரத்தில் ஏறி இறங்கி, எக்ஸ்எல்லில் வீடு திரும்பும் கொத்தனார்தானே.

ஓன் டேமேஜ் விஷயம் வேறு. 2007 ஜனவரி 1 முதல் இதன் விலையை அந்தந்தக் கம்பெனியே நிர்ணயிக்கிறது. உதிரி பாகம், பெயிண்ட், கூலி ஏறினால் இதுவும் ஏறும். முன்பு பம்பர் என்பது வெறும் தகடு. இன்றைய வண்டிகளில் அதற்குள் சென்சாரும் கேமராவும் இருக்கின்றன. சின்ன இடிக்கே பில் ஆயிரக்கணக்கில் வருகிறது. வீட்டு இன்சூரன்ஸோ வெள்ளம், புயலோடு சேர்ந்தது. 2015-ல் சென்னை வெள்ளம், 2018-ல் கஜா, 2023-ல் மிக்ஜாமும் நம் தென் மாவட்ட வெள்ளமும் என்று வரிசையாக அடி விழுந்தால், கம்பெனிகளுக்கே காப்பு அளிக்கும் மறுகாப்பீட்டாளர்கள் விலையைக் கூட்டுவார்கள். அது சுற்றி நம் நோட்டீஸுக்கு வந்து சேரும்.

செய்யக் கூடாத சிக்கனங்கள்

"சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு" என்பார்கள். இன்சூரன்ஸில் சில சிக்கனங்கள் கடைசியில் செலவாகத்தான் முடியும்.

முதலாவது, புதுப்பிக்காமல் விடுவது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பதுதான் இதில் மிக விலை உயர்ந்த வாக்கியம். பாலிசி முடிந்து 90 நாள் கடந்தால் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் முழுவதும் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் நிற்கும் பைக்குகளில் எத்தனைக்கு பாலிசி உயிரோடு இருக்கிறது என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ளலாம்!

புது பைக் வாங்கும்போது ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை மொத்தமாக வாங்குகிறார்களே, ஏன் தெரியுமா? முதல் வருடம் முடிந்ததும் பலர் புதுப்பிப்பதே இல்லை என்பதால்தான். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2018-ல் பிறந்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருடமும் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடமும் தேர்ட் பார்ட்டி கட்டாயம் ஆனது. 2022 பட்டியலில் 75 முதல் 150 சி.சி. வரையுள்ள புது பைக்குக்கு ஐந்து வருடத் தொகை 3,851 ரூபாய். ஆனால் கவனியுங்கள். ஐந்து வருடம் என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். ஷோரூமில் ஓன் டேமேஜ் ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டிருந்தால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். "அஞ்சு வருஷம் இருக்கு" என்று சும்மா இருந்து விட்டு, வண்டி திருடு போன பிறகு விழிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, ஐ.டி.வி.யைக் குறைப்பது. ஐ.டி.வி. என்றால் வண்டிக்கு இன்று போடப்படும் மதிப்பு. புது விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டினால் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. ஆன்லைனில் மலிவாகத் தெரியும் பாலிசிகளில் சில இந்த மதிப்பைக் குறைத்துத்தான் மலிவாகின்றன. வண்டி திருடு போனாலோ முழுதும் நொறுங்கினாலோ கிடைப்பது அந்தத் தொகைதான். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே ஐ.டி.வி. போட்டுப் பாருங்கள். அப்போதுதான் உண்மை விலை தெரியும்.

மூன்றாவது, சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டுவது. அந்தச் சவாரியில் விபத்து நடந்தால், நம் வண்டிக்கான கிளைம் நிராகரிக்கப்படும். பாலிசியில் "வாடகைக்கு அல்ல" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

நான்காவது, நாங்கள் செய்தது. ஓன் டேமேஜை மொத்தமாக வெட்டியது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. மிகப் பழைய வண்டிக்கு, அதன் மதிப்பே சொற்பம் என்றால், தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்பது சரியான முடிவாகவே இருக்கலாம். அதற்கு ஒரு கேள்வி போதும்: "நாளைக்கு இந்த வண்டி இல்லாமல் போனால் கைக்காசைப் போட்டு வேறு வாங்க முடியுமா?" எங்கள் கார் மதிப்பு 1,60,000 ரூபாய். ஆச்சி வாரம் இரண்டு தடவை அதில் போக வேண்டும். எங்கள் பதில் "முடியாது" என்பதுதான். அந்தக் கேள்வியை அன்றைக்கு எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

செய்யக் கூடிய சிக்கனங்கள்

இனி நல்ல செய்திக்கு வருவோம்.

அலைய வேண்டியது எதற்கு? தேர்ட் பார்ட்டி எங்கே போனாலும் ஒரே விலை. அதற்காக நாலு கம்பெனி ஏறி இறங்க வேண்டாம். ஓன் டேமேஜுக்குத்தான் விலை வித்தியாசம். பாலிசி முடிய ஒரு மாதம் முன்பே மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். கடைசி நாளில் போனால் கேட்ட விலை கொடுக்க வேண்டியதுதான்.

போனஸ் யாருக்குச் சொந்தம்? கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று கழிவு ஏறும். இது வண்டிக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். கம்பெனி மாறினாலும் கூட வரும். பழைய காரை விற்றுப் புதுக் கார் எடுத்தால் போனஸ் சான்று வாங்கிப் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். அதே காரணத்தால், பழைய கார் வாங்கினால் விற்றவருடைய போனஸ் நமக்கு வராது. ஆர்.சி. மாற்றியதும் 14 நாளுக்குள் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சின்னச் சேதத்துக்குக் கிளைம் போடலாமா? இது நம் மாதிரிக் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான இடம். ஓன் டேமேஜ் 4,000 ரூபாய், இப்போது 25 சதவீத போனஸ் என்று வைப்போம். கிளைம் போடாவிட்டால் வரும் ஆறு வருடங்களில் கழிவு 35, 45, 50, 50, 50, 50. கிளைம் போட்டால் 0, 20, 25, 35, 45, 50. வித்தியாசம் 35, 25, 25, 15, 5, 0. கூட்டினால் 105 சதவீதம். 4,000-க்கு 4,200 ரூபாய், வரியோடு 4,956. அடிப்படைத் தொகை மாறாமல் இருந்தால் இதுதான் ஒரு கிளைமின் மறைமுக விலை.

இப்போது பம்பர் உடைந்து 6,000 ரூபாய் பில் வருகிறது. பிளாஸ்டிக் பம்பர் 4,000, கூலி 2,000. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். ஆக 2,000. கூலியோடு 4,000. அதில் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 3,000. இதை வாங்கப் போய் 4,956 இழப்பானேன்? கைக்காசில் சரிசெய்து கொள்வதே லாபம். பில் 20,000, 30,000 என்று போனால் தயங்காமல் கிளைம் போடுங்கள். அதற்காகத்தானே கட்டுகிறோம்!

ஒரே ஆளுக்கு இரண்டு விபத்துக் காப்பு எதற்கு? 15 லட்ச ரூபாய்க் காப்பு 2018-ல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தந்த தீர்ப்பே அதற்குக் காரணம். 2019 ஜனவரி முதல் அதைத் தனியாகவும் வாங்கலாம். ஒருவர் பெயரில் எத்தனை வண்டி இருந்தாலும் ஒரே காப்பு போதும். அப்பா கார் பாலிசியிலும் எக்ஸ்எல் பாலிசியிலும் இரண்டு தடவை கட்டி வந்திருக்கிறார். ஒன்றை எடுத்ததும் வரியோடு 380 ரூபாய்க்கு மேல் மிச்சம். பாதுகாப்பில் ஒரு துளி குறையவில்லை.

கூடுதல் காப்புகளில் எது தேவை? ஏஜெண்ட் பட்டியலைக் காட்டியதும் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். புதுக் காருக்குத் தேய்மானம் கழிக்காத காப்பு பயன்படும். தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் இஞ்சின் காப்பு கிடைத்தால் எடுக்கலாம். வண்டி தொலைந்தால் புது விலையே தரும் காப்பு பழைய வண்டிக்கு ஒத்து வராது.

சேதத்தில் முதல் பகுதியை நாமே ஏற்கிறோம் என்று ஒப்புக் கொண்டால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. ஆனால் அந்தத் தொகை எப்போதும் கையில் இருப்பவர்கள் மட்டுமே இதைச் செய்யலாம்.

சாவியைத் திருகாதீர்கள்!

இது நம் துறைக்குச் சேர்ந்த பாடம். மூழ்கிய வண்டியின் இஞ்சினுக்குள் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் போயிருக்கும். காற்றையும் பெட்ரோலையும் அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் இடம் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து விடும். மாமா கேட்ட அந்த "டக்" சத்தம் அதுதான். இப்படி நாமே ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் வராது. நாங்கள் அந்த 3,540 ரூபாயைக் கட்டியிருந்தாலும் வயரிங், சீட் பகுதிக்குத்தான் கிடைத்திருக்கும். இஞ்சினுக்கான 18,500 எங்கள் தலையில்தான்.

ஆகவே மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தெரியும்படி படம் எடுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்க்கத் தொடங்காதீர்கள். கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கும் இன்சூரன்ஸா?

"வீட்டுக்கு எதுக்குல இன்சூரன்ஸ்? நான் கட்டுன சுவரு" என்றார் அப்பா. அவர் கையால் கட்டிய வீடு, உண்மைதான். சுவர் நின்றது. பூச்சும் வயரிங்கும் கதவும் நிற்கவில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் ஆகியவை இதில் அடக்கம். கட்டிடத்தையும் வீட்டுப் பொருட்களையும் சேர்த்து எடுத்தால், பொருட்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் கொடுக்காமலே காப்பு உண்டு. பத்து வருடம் வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம். வருடா வருடம் விலை ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காப்புத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகக் கூடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

வராதவை எவை? சாதாரணத் திருட்டு இதில் இல்லை. வெள்ளம், தீ போன்றவை நடந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் வரும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்குக் கிடையாது. வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள், வங்கி எடுத்துத் தந்த பாலிசி கடன் தொகைக்கு மட்டுமா, கட்டிடத்தின் முழு மதிப்புக்கா என்று ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம். நிலத்தின் விலைக்கு இன்சூரன்ஸ் வேண்டாம். வெள்ளம் நிலத்தைத் தூக்கிக் கொண்டு போகாது. உள்பரப்பு எத்தனை சதுர அடி, இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட ஒரு சதுர அடிக்கு என்ன ஆகும் என்ற இரண்டையும் பெருக்க வேண்டும். நிலத்தையும் சேர்த்துச் சொன்னால் வீணாகப் பிரீமியம். குறைத்துச் சொன்னால் முழு வீடும் போகும் நாளில் கை கடிக்கும்.

நான் ஃபாரத்தை வைத்துக் கொண்டு சதுர அடி விலை என்ன போடுவது என்று முழித்தேன். அப்பா ஏட்டைப் பார்க்காமலே சொன்னார்: செங்கல் இவ்வளவு, சிமெண்ட் இவ்வளவு, கம்பி இவ்வளவு, கூலி இவ்வளவு. "ரெண்டாயிரம் போடுல, சரியா வரும்." 600 சதுர அடிக்கு 12 லட்சம் ரூபாய். பொருட்களுக்கு 2,40,000. அந்த ஃபாரத்தில் ஆங்கிலம் என்னுடையது, கணக்கு அப்பாவுடையது. ஆண்டுக்கு, வரியோடு, ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. எங்கள் வீடு மேல்தளம் போட்டது. ஓட்டு வீடு, கூரை வீடு என்றால் என்ன விதி என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி?

எல்லாம் சரி, மொத்தமாகக் கட்டப் பணம் வேண்டுமே! எங்கள் கணக்கு இது: கார் 6,394, எக்ஸ்எல் 843, வீடு 1,000. ஆக 8,237 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 686. ஆகஸ்ட்டில் எட்டாயிரம் என்பது மலை. மாதம் எழுநூறு என்பது மேடு. அம்மா அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறார். அவசரத்துக்கு எதிலிருந்து எடுத்தாலும் அதிலிருந்து எடுப்பதில்லை.

கிளைம் நிராகரிக்கப்பட்டாலோ குறைத்துத் தந்தாலோ வாயை மூடிக் கொண்டு வர வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை.

முடிவாக

2024 ஆகஸ்ட்டில் நாங்கள் மீண்டும் ஃபுல் இன்சூரன்ஸுக்கு வந்தோம். வண்டியைச் சோதித்துப் படம் எடுத்த பிறகே தந்தார்கள். பழைய 25 சதவீத போனஸ் போய்ப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். 2025-ல்தான் 20 சதவீதம் திரும்ப வந்தது. 3,540 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலையில் இதுவும் ஒரு பங்கு.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறோம். பட்டயம் வாங்கி, வேலைக்குப் போய், சம்பளம் கொண்டு வந்த பிறகுதான் வீட்டுக்கு உதவ முடியும் என்று நினைக்கிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் வீட்டில் இருக்கும் அந்தப் பையைக் கேட்டு வாங்குங்கள். முடியும் தேதி என்ன, எந்த எந்த வரிக்கு எவ்வளவு, எது இரண்டு தடவை வருகிறது, எது விட்டுப் போயிருக்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். நம் படிப்பு வீட்டுக்குத் தரும் முதல் சம்பளம் அதுவாக இருக்கட்டும்.